பட்டாளத்து டாக்டருக்குக் குழந்தை ஹார்மோன் படிப்பு எதற்கு?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது வடக்கே ஒரு பட்டாலியனில் ஆர்.எம்.ஓ.வாக (அந்தப் படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியாக) இருக்கும் பெண் டாக்டர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 28. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். ராணுவ மருத்துவப் படையில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் (குறுகிய கால அதிகாரிப் பணியில்) சேர்ந்து மூன்றரை வருடம் ஆகிறது. அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார்; பென்ஷனும் கொஞ்சம் தக்காளித் தோட்டமும் உண்டு. சென்ற வருடம் ஒரு ஜவானின் மனைவி, ஒன்பது வயதுப் பையனைச் சளிக்காக எம்.ஐ. ரூமுக்கு (பட்டாலியனின் சிறு மருத்துவ அறைக்கு) அழைத்து வந்திருக்கிறார். பையன் போட்டிருந்தது இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்கூல் சட்டை. அது இன்னும் அளவாக இருந்தது. இவருக்கு அது உறுத்தியது. தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், 150-க்கு மேல், மிக அதிகமாக வந்தது. தைராய்டு மாத்திரை தொடங்கி எட்டு மாதத்தில் பையன் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான். அன்றிலிருந்து குழந்தைகளின் ஹார்மோன் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

கேள்விகள் இவை. அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே பயிற்சி இருப்பதாகப் படித்தேன், நம் ராணுவத்தில் உண்டா? 'பட்டாளத்தில் எதற்கு இந்தப் படிப்பு, பேசாமல் ஜெனரல் மெடிசின் எடுத்து அப்புறம் எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் மருத்துவம்) போ' என்கிறார்கள் சீனியர்கள், அது சரியா? நானும் அரசு டாக்டர்தானே, உயர்சிறப்பு மருத்துவப் படிப்பு இடங்களில் தமிழ்நாட்டின் 50 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடைக்குமா? ஐந்து வருடம் முடிந்ததும் வெளியே வருவதா, உள்ளேயே இருப்பதா? கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது.

கடைசிப் பத்தியில், சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதியது போல ஒன்று. அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்திருக்கிறார்கள். அவருடைய முதல் குழந்தை, பையன், பிறந்த பதினைந்தாம் நாள் வாந்தி எடுத்தே இறந்துவிட்டான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 'அது சி.ஏ.எச். (அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறை) தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அக்கா மறுபடி ஐந்து மாத கர்ப்பம். டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) தொடங்கலாமா?'

அன்புள்ள கேப்டன்,

நானும் 22 வருடம் பச்சை உடுப்பு போட்டவன்தான். குழந்தை மருத்துவனாகப் பல ராணுவ மருத்துவமனைகளில் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் சின்ன கிளினிக். அதனால் சீனியர்கள் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னிடமும் அதையேதான் கேட்டார்கள்.

ஒரு சிப்பாய் சேர்ந்தால் படைக்கு வருவது அவன் மட்டும் இல்லை. மனைவி, பிள்ளைகள், அவனை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லாருடைய வைத்தியமும் படையின் பொறுப்பு. ராணுவ மருத்துவமனைகளில் ஃபேமிலி வார்டும் குழந்தைகள் வார்டும் இருப்பது அதனால்தான். ஓய்வு பெற்ற பிறகும் 2003-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் பார்த்துக்கொள்கிறது. அந்தக் குடும்பங்களில் டைப் 1 சர்க்கரை வரும் பிள்ளை இருக்கும், வளராத பிள்ளை இருக்கும், ஏழு வயதிலேயே பருவமடையும் பெண் பிள்ளை இருக்கும். எல்லையில் நிற்கும் அப்பாவுக்கு, குவார்ட்டர்ஸில் பிள்ளைக்கு இன்சுலின் சரியாகப் போகிறதா என்ற கவலை சாதாரணமானது இல்லை.

ஆனால் சீனியர்கள் சொல்லாமல் விட்ட சிக்கல் ஒன்று உண்டு. அதுதான் உங்கள் முடிவுக்கு முக்கியம். குழந்தை ஹார்மோன் மருத்துவம் முழுக்க முழுக்கத் தொடர்ந்து பார்க்கும் வைத்தியம். நிமோனியா போல ஒரு வாரத்தில் முடிகிற விஷயம் இல்லை. டர்னர் சிண்ட்ரோம் (வளர்ச்சி குன்றும் ஒரு குரோமோசோம் குறை) உள்ள பெண் குழந்தைக்கு ஐந்து வயதில் வளர்ச்சி ஹார்மோன் தொடங்கினால் பத்து வருடம் பக்கத்தில் இருக்க வேண்டும். பட்டாளத்திலோ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை நோயாளியின் குடும்பம் பெட்டி கட்டும், நீங்களும் கட்டுவீர்கள். உயரம் எழுதிய அட்டை ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் போய்விடும்.

ஒரு சின்ன மருத்துவமனையில் எனக்கு நடந்தது. உயரம் பார்க்கும் அளவுகோல் சுவரில் ஆணி அடித்து மாட்டியது. நான் லீவில் போயிருந்தபோது தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். தரை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியது, அளவுகோல் ஏறவில்லை. அப்புறம் ஆறு மாதம் என் பிள்ளைகள் எல்லாம் அருமையாக வளர்ந்தார்கள், வளராதவர்கள் உட்பட. வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்கிறதா, மூன்றுதானா என்பதை வைத்து நோய் பிடிக்கிற துறையில் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருக்க வந்த அம்மாதான் 'தரையை ஒசத்திட்டாங்களே, கோலை ஒசத்தலையா சார்' என்று கேட்டார்.

ஆகவே எங்கே சீட் கிடைக்கும் என்பதோடு, படித்து முடித்து எங்கே பத்து வருடம் நிலையாக உட்காரப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

அமெரிக்கக் கதவும் நம் கதவும்

நீங்கள் படித்தது உண்மைதான். மேரிலாந்தின் பெதெஸ்டாவில் இருக்கும் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையை மையமாக வைத்து, படை டாக்டர்களுக்குக் குழந்தை எண்டோகிரைனாலஜியில் மூன்று வருடப் பயிற்சி நடக்கிறது. அதற்கு முன் குழந்தை மருத்துவத்தில் மூன்று வருட ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டில் இத்துறைக்கான தனித் தேர்வு 1978 முதலே இருக்கிறது. ஆனால் அது அவர்கள் படையின் அதிகாரிகளுக்கு. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கதவு இல்லை.

நம் படையில் குழந்தை ஹார்மோனுக்கென்று அப்படித் தனிக் கதவு திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இங்கே வழி படிப்படியாகத்தான். முதலில் எம்.டி. பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்), அப்புறம் அதற்கும் மேலான டி.எம். பட்டம். சண்டிகர் பி.ஜி.ஐ., லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ. போன்ற ஒரு சில இடங்களில்தான் டி.எம். பீடியாட்ரிக் எண்டோகிரைனாலஜி என்ற பட்டமே இருக்கிறது. இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பி.ஜி.ஐ., எய்ம்ஸ், ஜிப்மர் ஆகியவை டி.எம். சேர்க்கைக்கான பொதுவான நீட் எஸ்.எஸ். தேர்வில் வராது, அவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு. பணியில் இருப்பவரை அவருடைய துறையே அனுப்பிவைக்கும் 'ஸ்பான்சர்டு' இடங்களும் அப்படிப்பட்ட நிறுவனங்களில் உண்டு. அந்த வழியில் போனால் சம்பளம் துறையிலிருந்து வரும், படித்து முடித்துத் துறைக்கே திரும்ப வேண்டும். படைக்குள் இருப்பதன் பெரிய லாபங்களில் இது ஒன்று.

ஜெனரல் மெடிசின் குறுக்கு வழியா?

உங்கள் சீனியர்கள் சொன்னதில் பாதி சரி. டி.எம். எண்டோகிரைனாலஜிக்கு ஜெனரல் மெடிசின் எம்.டி.யும் வரலாம், பீடியாட்ரிக்ஸ் எம்.டி.யும் வரலாம். அதன் இடங்களும் அதிகம், வேலூர் சி.எம்.சி., சென்னை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் நமக்குப் பக்கம்தான். ஆனால் டி.எம். பீடியாட்ரிக் எண்டோகிரைனாலஜிக்கு ஜெனரல் மெடிசின் படித்தவர் போக முடியாது. ஆகவே மெடிசின் எடுத்த நாளே ஒரு கதவு மூடிவிடும். பீடியாட்ரிக்ஸ் எடுத்தால் இரண்டும் திறந்திருக்கும்.

பட்டத்தை விடுங்கள். பத்து நாள் குழந்தைக்கு நரம்பில் ஊசி போடத் தெரியாதவர், கீட்டோஅசிடோசிஸில் (சர்க்கரை மிகக் கூடி ரத்தம் அமிலமாகும் நிலையில்) மூச்சு வாங்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு மூளை வீங்காமல் சலைன் ஏற்றிப் பழகாதவர், குழந்தைகளின் ஹார்மோனைப் பார்க்க முடியாது. மூன்று வருடம் குழந்தைகள் வார்டில் ராத்திரி கண் விழிப்பதற்குக் குறுக்கு வழி கிடையாது. அந்தப் பையனின் சட்டையை நீங்கள் கவனித்ததும் ஹார்மோன் படிப்பால் இல்லை என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது ஒரு நல்ல குழந்தை டாக்டரின் கண்.

மூன்றாவது வழி ஃபெலோஷிப், அதாவது எம்.டி.க்குப் பிறகான சிறப்புப் பயிற்சி. எம்.டி. முடித்தவர்களுக்குப் பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் போன்ற இடங்களில் குழந்தை எண்டோகிரைனாலஜி ஃபெலோஷிப் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர். ஓசூர்க்காரர்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். வேலை நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது டி.எம். ஆகாது. மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறைப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் உதவாது. ஊரில் கிளினிக் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போதும்.

50 சதவீத ஒதுக்கீடு உங்களுக்கு இல்லை

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன், இதை நம்பித் திட்டம் போட்டுவிடாதீர்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்த 50 சதவீதம், மாநில அரசு மருத்துவப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கானது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுக் கலந்தாய்வில் அதைப் பின்பற்ற அனுமதித்ததும் அவர்களுக்காகத்தான். நீங்கள் மத்திய அரசின் படை அதிகாரி. 'அரசு டாக்டர்' என்ற சொல் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. ராணுவத்திலிருந்து வெளியே வந்து, மாநிலப் பணியில் சேர்ந்து, அவர்கள் சொல்லும் ஆண்டுகளை முடித்தால் அப்போது கேட்கலாம்.

ஆனால் உங்களுக்கென்று வேறொரு வரிசை இருக்கிறது. புனே ஏ.எஃப்.எம்.சி. (ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி) முதலிய ராணுவ மருத்துவ நிறுவனங்களின் முதுநிலை இடங்களில் பணியில் உள்ள அதிகாரிகளுக்கு முதல் முன்னுரிமை. ஷார்ட் சர்வீஸ் முடித்து வெளியே வந்த அதிகாரிகளுக்கும் சிவிலியன்களுக்கு முன்னால் ஒரு வரிசை உண்டு. நீட் பி.ஜி. மதிப்பெண் வேண்டும்தான். உங்களோடு படித்து ஊரில் தங்கிவிட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு இப்படிக் கிடைக்காது.

இருப்பதா, வருவதா

ஷார்ட் சர்வீஸ் ஐந்து வருடம்; இரு தரப்புக்கும் சரி என்றால் நீட்டித்து மொத்தம் 14 வருடம் வரை. அதில் பென்ஷன் கிடையாது, பணிக்கொடை மட்டும். அப்பாவுக்குப் பென்ஷன் வருவதைப் பார்த்து, உங்களுக்கும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தரக் கமிஷன் கிடைத்து, அதிகாரியாக 20 வருடம் முடித்தால்தான் அது. இடையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நீட் கலந்தாய்வுக்கு ஓட முடியாது. உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. தேர்வு எழுதுவதற்கே யூனிட் வழியாக முறைப்படி அனுமதி வாங்குங்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் ரேங்க் வாங்கி, சேர முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

உள்ளே இருந்தால் சம்பளத்தோடு எம்.டி., அப்புறம் படையின் சிறப்பு மருத்துவர் படிநிலைகளான கிரேடட் ஸ்பெஷலிஸ்ட், பிறகு கிளாசிஃபைடு. படிக்க வைத்ததற்குச் சேவை உறுதிமொழி கேட்பார்கள், அது நியாயம்தான். டி.எம். முடித்தாலும் ஒரு சில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உங்கள் படிப்புக்கு முழு வேலை இருக்கும். மற்ற போஸ்டிங்கில் நீங்கள் பொதுவான குழந்தை டாக்டர். அது உங்களுக்கு அலுக்கும் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அலுக்கவில்லை.

வெளியே வந்தால் எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, நடுவே தேர்வுக்கு ஒன்று. கிட்டத்தட்ட 37 வயதில் தருமபுரியில் வந்து உட்காருவீர்கள். ஊருக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால், வண்டி வண்டியாக இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்த பிறகும், ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் உண்டு. கால்சியமும் குறைவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு முட்டி இரண்டும் ஒட்டிக் கணுக்கால் விலகிப் போகிறது. அதை வெறும் ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு வளையும் நோய்) என்று நினைத்து வைட்டமின் டி ஊசியாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். சொந்தத்திலேயே கட்டும் ஊர் நம்முடையது. இரண்டு பக்கமும் ஒரே குறை மரபணு சேர்ந்து வரும் நோய்கள் இங்கே கூடுதல். கிருஷ்ணகிரிக்கும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டிடம் இருக்கிறது, இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: எம்.டி. பீடியாட்ரிக்ஸைப் படை வழியாகவே முயலுங்கள். அதற்குள் டி.எம். பற்றி முடிவெடுக்க வேண்டாம். வார்டில் மூன்று வருடம் இருந்த பிறகு பிறந்த குழந்தை வைத்தியத்தின் மேலோ வலிப்பு நோயின் மேலோ மனது போனவர்கள் நிறைய. இப்போதைக்கு எம்.ஐ. ரூமில் ஒரு நல்ல ஸ்டேடியோமீட்டர் (உயரம் அளக்கும் கருவி) வாங்கி வையுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, வரும் பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி வையுங்கள். அட்டையின் நகலைப் பெற்றோரின் கையிலும் கொடுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிதான். படிப்பைக் கெடுப்பது கல்யாணம் இல்லை, யாரைக் கட்டுகிறோம் என்பதுதான். பேறுகால விடுப்பு 180 நாள் பெண் அதிகாரிகளுக்கு உண்டு. மாப்பிள்ளையிடம் முதல் பேச்சிலேயே ஏழு வருடக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

அக்காவின் விஷயம்

இதற்கு உங்கள் டி.எம். வரைக்கும் காத்திருக்க முடியாது.

முதலில், அந்தக் குழந்தைக்கு சி.ஏ.எச். என்று உங்களுக்குத் தெரியாது. அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். சந்தேகம் நியாயமானது. அந்த நோயில் உப்பு இழக்கும் வகை இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் வாந்தியாகவும் எடைக் குறைவாகவும் வெளிப்படும். பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வரும். ஆண் குழந்தையில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் தவறவிடுகிறார்கள். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் இப்படித்தான். இரைப்பை வாய் அடைப்பிலும் இப்படித்தான். சொந்தத் திருமணத்தில் கூடுதலாக வரும் வேறு சில வளர்சிதை மாற்றக் கோளாறுகளிலும் இப்படித்தான். தெரியாததைத் தெரிந்ததாக அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். பெயர் வைத்துவிட்டால் வீட்டில் அடுத்த கேள்வி 'யாரால் வந்தது' என்பதாகத்தான் இருக்கும்.

டெக்ஸாமெத்தசோன் வேண்டாம். அது பெண் கருவின் பிறப்புறுப்பு மாறாமலிருக்க, கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்துக்கு முன் தொடங்கிப் பார்க்கும் ஒரு முயற்சி. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. உப்பு இழப்பைத் தடுக்காது. ஐந்தாம் மாதத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

செய்ய வேண்டியது வேறு. அக்காவும் மாமாவும் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும். இருவரும் சி.ஏ.எச். குறையுள்ள மரபணுவைச் சுமக்கிறார்களா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம். இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பிரசவம் பிறந்த குழந்தைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் நடக்கட்டும். மூன்றாம் நாள் குதிகாலில் எடுக்கும் ரத்தத்தில் 17 ஓ.எச்.பி.யும் (சி.ஏ.எச். இருந்தால் கூடும் ஹார்மோன்) டி.எஸ்.எச்.சும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் மூன்று வாரம் தினமும் எடை. ஐந்தாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை சோடியம், பொட்டாசியம். குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் சலைனும் ஹைட்ரோகார்டிசோனும் (குறையும் அட்ரீனல் ஹார்மோனை ஈடுகட்டும் மருந்து) தொடங்க வேண்டும் என்று அங்குள்ள குழந்தை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

அக்காவின் தாய்-சேய் அட்டையில், முந்தைய பிரசவம் என்ற இடத்தில், 'முதல் குழந்தை 15-ஆம் நாள் வாந்தியால் இறப்பு, காரணம் தெரியவில்லை, சொந்தத் திருமணம்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அடுத்த செக்கப்பிலேயே, சிவப்பு மையில், எழுத வையுங்கள்.